ஒரே குழாய் ரத்தம், இருவருக்கான பதில்

கல்வராயன் மலையின் அடிவாரத்தில், கோமுகி அணையை ஒட்டிய வட்டாரத்தில் இருக்கிறது வடக்கனந்தல் பேரூராட்சி. மலைமேல் பிரசவ வலி கண்ட பெண்ணுக்கோ, விபத்தில் அடிபட்டவருக்கோ ரத்தம் தேவைப்பட்டால் கீழே இறங்கிக் கள்ளக்குறிச்சிக்குத்தான் வர வேண்டும். அந்த ரத்தத்தைக் கொடுப்பவர்களும் சுற்றுவட்டாரத்து மனிதர்கள்தாம். கல்லூரியில், திருமண மண்டபத்தில், பிறந்தநாள் விழாவில் நடக்கும் முகாம்களில் படுத்துக் கையை நீட்டும் இளைஞர்கள் அவர்கள். 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்கு, 2022 ஜனவரி 12 அன்று சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துசேர்ந்தது. ரத்தம் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையிலான தொலைவு குறைந்திருக்கிறது.

கொடையாளரிடமிருந்து ஒரு பை ரத்தம் எடுக்கும்போது, சோதனைக்காகச் சில மில்லிலிட்டர் தனிக் குழாயில் எடுக்கப்படுகிறது. அந்தக் குழாயைப் பற்றியது இந்தக் கட்டுரை. பையிலிருக்கும் ரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றலாமா என்ற கேள்விக்கு அது பதில் சொல்கிறது. கொடுத்தவரின் உடலில் என்ன நடந்திருக்கிறது என்பதையும் அதே குழாய் சொல்கிறது. முதல் பதிலைக் கேட்டுப் பெறும் ஏற்பாடு நம்மிடம் நன்றாகவே வளர்ந்திருக்கிறது. இரண்டாவது பதிலை உரியவரிடம் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு அந்த அளவுக்கு வளரவில்லை. அந்தக் குறை முதல் பதிலையும் கெடுத்துவிடும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே கசப்பான சான்று உண்டு.

எதிர்ப்பொருள் என்ன சொல்கிறது?

ஒரு வைரஸ் உடலுக்குள் நுழைந்ததும் அதை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் புரதங்களை வெள்ளணுக்கள் உருவாக்குகின்றன. இவையே எதிர்ப்பொருள்கள், மருத்துவமனைப் பேச்சில் ஆன்டிபாடி. முதல் சில நாள்களில் ஐ.ஜி.எம். வகை தோன்றும், அதைத் தொடர்ந்து ஐ.ஜி.ஜி. வகை வரும். ஐ.ஜி.எம். சில வாரங்களிலோ மாதங்களிலோ மங்கிவிடும். ஐ.ஜி.ஜி. ஆண்டுக்கணக்கில் தங்கலாம். வைரஸ் போன பிறகும் அது பதித்த தடம் ரத்தத்தில் இருக்கும். தடுப்பூசி செய்வதும் இதைத்தான்: நோயைக் கொடுக்காமல் தடத்தை மட்டும் பதிக்கிறது.

ஆனால் எல்லா நோயிலும் இந்தத் தடத்துக்கு ஒரே பொருள் கிடையாது. எச்.ஐ.வி.க்கான எதிர்ப்பொருள் ஒருவரிடம் உறுதியானால், அவர் உடலில் அந்த வைரஸ் இப்போதும் இருக்கிறது என்று பொருள். ஏனென்றால் அதை உடல் தானாக வெளியேற்றுவதில்லை. ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைக்கு எதிரான எதிர்ப்பொருளின் சேதி நேர் எதிரானது: இவருக்குப் பாதுகாப்பு இருக்கிறது, தடுப்பூசி போட்டிருக்கிறார் அல்லது நோய் வந்து குணமாகியிருக்கிறார். ஹெபடைடிஸ் சி எதிர்ப்பொருள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நோய் இப்போது இருக்கலாம். தானாகவோ மருந்தாலோ குணமான பிறகும் அந்த எதிர்ப்பொருள் நீடித்திருக்கலாம். வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வைத் தேடும் இன்னொரு சோதனைதான் உண்மையைச் சொல்லும்.

‘பாசிட்டிவ்’ என்ற ஒரே முடிவு ஒருவருக்கு ஆயுள் முழுவதற்குமான சிகிச்சையின் தொடக்கம், இன்னொருவருக்கு நிம்மதி, மூன்றாமவருக்கு மேலும் ஒரு சோதனை. பொருள் விளக்க ஆளில்லாமல் அந்தத் தாளை மட்டும் கையில் கொடுப்பது தகவல் தருவதாகாது.

சென்னையிலிருந்து தொடங்கிய கதை

இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதலில் தெரியவந்ததே எதிர்ப்பொருள் சோதனையால்தான். 1986ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதுநிலை மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் பாலியல் தொழிலாளர்களிடமிருந்து ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். எதிர்ப்பொருளைக் கண்டறியும் எலைசா சோதனைக்குச் சென்னையில் அப்போது வசதி இல்லாததால் மாதிரிகளை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். அங்கே, ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில், ஆறு மாதிரிகள் நிறம் மாறின. அமெரிக்காவில் நடந்த மறுசோதனையும் அதை உறுதி செய்தது. செய்தியைச் சட்டப்பேரவையில் அறிவித்தவர் அன்றைய சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே.

நாடு விழித்துக்கொண்டது அந்தச் சோதனையால். எதற்காகத் தங்கள் ரத்தம் எடுக்கப்பட்டது என்பது அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருக்கவில்லை என்று நிர்மலாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அன்றைய சூழலில் அது புரிந்துகொள்ளத்தக்கதாக இருக்கலாம். ஆனால் மாதிரியிலிருந்து நாட்டுக்குப் பயன் கிடைப்பதும், மாதிரி கொடுத்தவர் அறியாமலே இருப்பதுமான அந்த இடைவெளி, பிறகு வந்த ரத்தவங்கி நடைமுறைகளிலும் நெடுநாள் நீடித்தது.

1989ல் தானம் செய்யப்படும் ரத்தத்துக்கு எச்.ஐ.வி. சோதனை கட்டாயமானது. 1996 ஜனவரியில் ‘காமன் காஸ்’ அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, காசுக்கு ரத்தம் விற்கும் தொழிலுக்கு முடிவு கட்டியது. 1998 ஜனவரி 1 முதல் அது தடைசெய்யப்பட்டது. 2001ல் ஹெபடைடிஸ் சி சோதனையும் சேர்ந்தது. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிக்காத ரத்தத்தை இன்று எவருக்கும் ஏற்றக் கூடாது.

தொற்றுக்குப் பின் முந்திச் சோதித்தால் ஒரு பிழை, ஊசிக்குப் பின் முந்தினால் இன்னொன்று

எதிர்ப்பொருள் உருவாக நாளாகும். வைரஸ் நுழைந்த நாளுக்கும் எதிர்ப்பொருள் சோதனையில் தெரியும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தை ஆய்வகத்தில் ‘விண்டோ பீரியட்’ என்பார்கள். எச்.ஐ.வி.யில் எதிர்ப்பொருளை மட்டும் தேடும் சோதனைக்கு இது ஏறக்குறைய மூன்று வாரம். வைரஸின் புரதத்தையும் சேர்த்துத் தேடும் நான்காம் தலைமுறை சோதனை அதைச் சில நாள் குறைக்கிறது. வைரஸின் மரபுப்பொருளையே தேடும் ‘நாட்’ சோதனை சுமார் பத்து நாளுக்குக் கொண்டுவருகிறது. ஹெபடைடிஸ் சி எதிர்ப்பொருள் தெரிய இரண்டு மாதத்துக்கு மேலும் ஆகலாம். நாட் சோதனை செலவு மிக்கது. எல்லா ரத்த வங்கிகளுக்கும் சட்டப்படி கட்டாயம் என்று இந்தியாவில் ஆக்கப்படவில்லை. எனவே ஒவ்வொரு பையிலும் எவ்வளவு சிறியதானாலும் ஒரு மிச்ச ஆபத்து இருந்துகொண்டே இருக்கிறது. அதை மேலும் குறைக்க உதவுவது, முகாமில் கொடையாளர் மனந்திறந்து சொல்லும் உண்மை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1991 டிசம்பரில் அமெரிக்க ரத்த மையங்கள் விநோதமான ஒன்றைக் கண்டன. எச்.ஐ.வி., எச்.டி.எல்.வி. என்ற இன்னொரு வைரஸ், ஹெபடைடிஸ் சி ஆகியவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட சோதனைகளில் ஒரே நபரின் ரத்தம் பாசிட்டிவ் காட்டியது. உறுதிச் சோதனையில் எந்தத் தொற்றும் இல்லை. விசாரித்தபோது, அவர்களில் அண்மையில் ஃப்ளூ தடுப்பூசி போட்டவர்கள் அதிகம் என்று தெரிந்தது. நோயெதிர்ப்பு அமைப்பு முழுவீச்சில் இயங்கும் நேரத்தில், சோதனைத் தட்டில் வேறொன்றுக்கான எதிர்ப்பொருளும் ஒட்டிக்கொள்ளக்கூடும்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசியில் இது இன்னும் நேரடியானது. ரத்த வங்கி தேடுவது அந்த வைரஸின் மேலுறைப் புரதத்தை. தடுப்பூசியில் இருப்பதும் அதே புரதம். ஊசி போட்ட சில நாள்களில், சிலருக்கு மூன்று வாரம் வரையிலும்கூட, சோதனை பாசிட்டிவ் காட்டலாம். மருத்துவ மாணவர்களும் செவிலியர்களும் இந்தத் தடுப்பூசியைக் கட்டாயம் போட்டுக்கொள்கிறார்கள். ரத்ததானத்தில் முன்வரிசையில் நிற்பவர்களும் அவர்களே. ஊசி போட்ட தேதியைக் கேட்டுக் குறிக்காத முகாம், நல்ல ரத்தத்தைக் கொட்டிவிடுவதோடு ஆரோக்கியமான ஓர் இளைஞரையும் கலங்கடித்துவிடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். பத்தாயிரம் கொடையாளர்களில் பத்துப் பேருக்கு உண்மையான தொற்று இருப்பதாகக் கொள்வோம். தொற்று இல்லாத ஆயிரம் பேரில் ஐந்து பேருக்கு மட்டுமே தவறாகப் பாசிட்டிவ் காட்டும் தரமான சோதனை ஒன்றைப் பயன்படுத்துகிறோம். உண்மையான பத்துப் பேருடன், தொற்றே இல்லாத சுமார் ஐம்பது பேரும் பாசிட்டிவ் பட்டியலில் நிற்பார்கள். ரத்தம் பெறுபவரின் பாதுகாப்புக்காக அறுபது பைகளையும் ஒதுக்குவது சரியே. ஆனால் அறுபது பேரிடமும் “உங்களுக்கு நோய் இருக்கிறது” என்று சொல்வது பெருந்தவறு. முதல் சோதனை பையின் விதியைத் தீர்மானிக்கலாம்; மனிதரின் விதியை உறுதிச் சோதனைதான் தீர்மானிக்க வேண்டும்.

தேசிய ரத்த ஏற்றக் குழுமத்தின் வழிகாட்டுதல்கள் இதையெல்லாம் மனத்தில் வைத்தே காத்திருப்புக் காலங்களை வகுத்துள்ளன. உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்தித் தயாரித்த தட்டம்மை, மஞ்சள் காய்ச்சல் போன்ற தடுப்பூசிகளுக்கு 28 நாள். உயிரற்றவற்றுக்கு 14 நாள். நாய்க்கடிக்குப் பின் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருந்தால் ஓராண்டு. டெங்கு, சிக்குன்குனியா வந்திருந்தால் முழுமையாகக் குணமானதிலிருந்து ஆறு மாதம். கொரோனா தடுப்பூசிக்கு 2021 மார்ச்சில் 28 நாள் என்று அறிவித்தார்கள். 18 வயது நிரம்பியோருக்கெல்லாம் தடுப்பூசி என்று ஆனபோது ரத்தத் தட்டுப்பாடு வரும் என்ற அச்சம் எழ, மே மாதம் அது 14 நாளாகக் குறைந்தது. கோவிஷீல்டும் கோவாக்சினும் உடலில் பெருகும் வைரஸைக் கொண்டவை அல்ல என்பதால் இந்தக் குறைப்பில் ரத்தம் பெறுபவருக்குக் கேடில்லை.

நெல்வயல் நாட்டின் பழைய தடங்கள்

கள்ளக்குறிச்சி பழைய தென்னாற்காடு மாவட்டத்தின் ஒரு பகுதி. நீர் நிற்கும் நெல்வயலில் பெருகும் கொசுக்கள் பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்த நிலத்துக்குப் பழக்கமான துயரம். இந்தியாவில் இந்த நோய் நோயாளிகளிடம் முதன்முதலாக அறியப்பட்டது 1955ல், வேலூரில். மதுரையில் இயங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம் 1990களில் தென்னாற்காட்டில் பல ஆண்டுகள் தொடர்ந்து கொசுக்களைப் பிடித்து ஆராய்ந்தது. 2000களின் பிற்பகுதியில் விழுப்புரம், கடலூர் மாவட்டக் குழந்தைகளுக்கு இதற்கான தடுப்பூசி போடப்பட்டது.

அன்று ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகள் இன்று ரத்தம் கொடுக்கும் வயதினர். அவர்களில் பலர் டெங்குவையும் சந்தித்திருப்பார்கள்: 2017–18ல் நடந்த தேசிய ஆய்வில், தென்னிந்தியாவில் பரிசோதிக்கப்பட்டோரில் நான்கில் மூன்று பேருக்கு டெங்கு எதிர்ப்பொருள் இருந்தது. டெங்கு, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஆகிய இரண்டின் வைரஸ்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றுக்கான எதிர்ப்பொருள் மற்றதன் சோதனையிலும் ஒட்டும். வடக்கனந்தல் இளைஞர் ஒருவரின் ரத்தத்தில் இத்தகைய ஐ.ஜி.ஜி. தெரிந்தால், அது காய்ச்சலின் தடமா, சிறுவயது ஊசியின் தடமா என்பதை அந்த எண் மட்டும் சொல்லாது. அவருடைய தடுப்பூசி வரலாறு பக்கத்தில் இருந்தால்தான் எண்ணுக்கு உயிர் வரும்.

கொரோனா கற்றுத்தந்தவை

கொரோனா காலத்தில் எதிர்ப்பொருள் என்ற சொல் டீக்கடைவரை வந்தது. குணமானவரின் பிளாஸ்மாவை நோயாளிக்கு ஏற்றினால் அதிலுள்ள எதிர்ப்பொருள் காப்பாற்றும் என்ற நம்பிக்கை பரவியது. 2020 ஜூலையில் சென்னை ராஜீவ்காந்தி அரசு பொது மருத்துவமனையில் பிளாஸ்மா வங்கி திறக்கப்பட்டது. அதே காலத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ‘பிளாசிட்’ என்ற ஆய்வை 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் நடத்தியது. பிளாஸ்மா பெற்றவர்களில் நோய் முற்றியவர்களும் இறந்தவர்களும் சேர்ந்து 19 சதவீதம். பெறாதவர்களில் 18 சதவீதம். பயன் ஏதும் தென்படவில்லை.

அந்த ஆய்வில் இன்னொரு பாடமும் அடங்கியிருந்தது. நம்பகமான எதிர்ப்பொருள் சோதனை அப்போது எளிதில் கிடைக்காததால், அளவு தெரியாமலே பிளாஸ்மா கொடுக்கப்பட்டது. சேமித்துவைத்த மாதிரிகளைப் பின்னர் சோதித்தபோது, வைரஸை முடக்கும் எதிர்ப்பொருளின் அளவு பாதிக் கொடையாளர்களிடம் 1:40 என்ற தாழ்ந்த அளவிலோ அதற்கும் கீழேயோ இருந்தது. நோய் வந்து போனவர் என்பதாலேயே ஒருவரிடம் போதிய எதிர்ப்பொருள் இருக்கும் என்று கொள்ள முடியாது. அளவு உயர்ந்த பிளாஸ்மாவும் மருத்துவமனை நோயாளிகளைக் காக்கவில்லை என்று 11,558 பேரை வைத்து நடந்த பிரிட்டனின் ‘ரிகவரி’ ஆய்வு காட்டியது. 2021 மே 17 அன்று இந்திய வழிகாட்டுதலிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது.

மக்களில் எத்தனை பேருக்குத் தொற்று வந்துபோனது என்பதை அளக்க அமெரிக்கா ரத்தக் கொடையாளர்களையே பயன்படுத்தியது. 2020 ஜூலை முதல் 2021 மே வரை 14 லட்சத்துக்கும் அதிகமான தான மாதிரிகள் சோதிக்கப்பட்டன. அங்கே வைரஸின் மேற்புற ஸ்பைக் புரதத்துக்கான எதிர்ப்பொருள் மட்டும் இருந்தால் தடுப்பூசி, உட்புற நியூக்ளியோகேப்சிட் புரதத்துக்கான எதிர்ப்பொருளும் இருந்தால் தொற்று என்று பிரித்தறிய முடிந்தது. கோவிஷீல்டு போட்டவரிடமும் இதே முறை செல்லும். ஆனால் கோவாக்சின் முழு வைரஸையும் செயலிழக்கச் செய்து தயாரித்தது. நோயே வராதவரிடமும் உட்புறப் புரதத்துக்கான எதிர்ப்பொருளை அது உண்டாக்கலாம். வெளிநாட்டு அளவுகோலை அப்படியே இங்கே வைத்து அளந்தால் கணக்கு பிசகிவிடும்.

தமிழ்நாடு வேறு வழியைத் தேர்ந்தது. பொது சுகாதாரத் துறை மாவட்டந்தோறும் ஊர்களையும் வார்டுகளையும் தேர்ந்தெடுத்து மக்களிடமே மாதிரி எடுத்தது. 2020 அக்டோபர்–நவம்பரில் சுமார் 32 சதவீதம் பேருக்கு எதிர்ப்பொருள் இருந்தது. அதாவது இரண்டு கோடிக்கு மேற்பட்டோர். அப்போது பதிவான நோயாளிகளோ எட்டு லட்சத்துக்கும் குறைவு. 2021 ஏப்ரல் வாக்கில் விகிதம் சுமார் 23 ஆக இறங்கியது. முதல் அலையின் தடம் மங்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் அலைக்கும் தடுப்பூசிக்கும் பிறகு, ஜூன்–ஜூலையில் 66 ஆகவும், ஆண்டிறுதியில் 87 ஆகவும் ஏறியது.

கொடையாளர்களை மட்டும் வைத்துக் கள்ளக்குறிச்சியை அளந்திருந்தால் யார் விடுபட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ரத்தம் கொடுக்க 18 முதல் 65 வயதுக்குள், 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குழந்தைகள் இல்லை, முதியோர் இல்லை. ரத்தசோகையுள்ள பெண்கள் இல்லை. ரத்தம் அதிகம் தேவைப்படும் கர்ப்பிணிகளும் இல்லை. முகாம் நடக்கும் இடத்துக்கு மலையிலிருந்து இறங்கி வர முடியாதவர்களும் இல்லை. கொடையாளரின் ரத்தம் சமூகத்தின் ஒரு பகுதியைத்தான் காட்டும். அந்தப் பகுதி எது என்று தெரிந்து படித்தால் அது அரிய தகவல்.

சாத்தூரில் நடந்தது

2018 டிசம்பர் 3 அன்று விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்றப்பட்டது. சிவகாசி அரசு ரத்த வங்கியிலிருந்து வந்த அந்த ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. அதைக் கொடுத்த இளைஞர் 2016லும் தானம் செய்திருந்தார். அப்போதே அவர் ரத்தத்தில் தொற்று தெரிந்திருந்தது. ஆனால் செய்தி அவரைச் சென்றடையவில்லை. தமக்குத் தொற்று இருப்பது தெரியாமலே உறவினர் ஒருவருக்காக மீண்டும் ரத்தம் கொடுத்தார். இரண்டாம் முறை சோதனையும் தவறியது. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் உண்மை தெரிந்ததும் அவரே முன்வந்து மருத்துவமனைக்குத் தகவல் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏற்றப்பட்டிருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அந்த இளைஞர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது.

ஆய்வக ஊழியரின் கவனக்குறைவு என்று மட்டும் இதைப் பார்த்தால் பாதிதான் புரியும். 2016லேயே அந்த இளைஞரைத் தனியாக அமரவைத்துப் பேசியிருந்தால், அவர் எச்.ஐ.வி. ஆலோசனை தரும் நம்பிக்கை மையத்துக்குப் போயிருப்பார், வைரஸைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மருந்து கிடைத்திருக்கும், இரண்டாம் முறை ரத்தம் கொடுத்திருக்கவே மாட்டார். விவரம் அறிந்ததும் தாமே ஓடிவந்து சொன்னவர் அவர். அப்படிப்பட்டவரிடம் உரிய காலத்தில் சொல்லியிருந்தால், அதுவே அந்தப் பெண்ணுக்கு எந்த இயந்திரத்தையும்விட உறுதியான காவலாக இருந்திருக்கும்.

கொடையாளர் படிவத்தில் இதற்கு இடம் இருக்கிறது. சோதனையில் குறை தெரிந்தால் தாங்கள் கொடுத்த முகவரிக்குத் தெரிவிக்கலாமா என்று அது கேட்கிறது. முகாமின் அவசரத்தில் அந்த வரிக்கு எவரும் நேரம் ஒதுக்குவதில்லை. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டம், ஒருவரின் நிலையை ரகசியமாகக் காக்க வேண்டும் என்கிறது. சிற்றூரில் வீட்டு முகவரிக்கு வரும் உறை ரகசியமாக இருக்காது. தந்தையோ அண்ணனோ பிரித்துவிடுவார்கள்.

கள்ளக்குறிச்சி செய்யக்கூடியது

புதிய மாவட்டம், புதிய மருத்துவக் கல்லூரி என்பதால் நடைமுறைகளைத் தொடக்கத்திலேயே சரியாக அமைக்க இங்கே வாய்ப்பு இருக்கிறது. செய்ய வேண்டியவற்றுக்குப் பெரும்பணம் தேவையில்லை.

ஒவ்வொரு முகாமிலும், ஊசி குத்துவதற்கு முன்பு, பேசுவதற்கென்றே ஓர் ஆலோசகர் ஒதுக்கமான இடத்தில் இருக்க வேண்டும். கடந்த ஓராண்டில் போட்ட தடுப்பூசிகள், நாய்க்கடி, காய்ச்சல், மஞ்சள் காமாலை ஆகியவற்றைத் தேதியோடு கேட்டுக் குறிக்க வேண்டும். கொடையாளர் மட்டுமே எடுக்கும் கைபேசி எண்ணையும், எந்த நேரத்தில் அழைக்கலாம் என்பதையும் அவரிடமே கேட்டு எழுத வேண்டும். முதல் சோதனை பாசிட்டிவ் என்றால் தொலைபேசியில் நோயின் பெயரைச் சொல்லக் கூடாது. “இன்னொரு முறை ரத்தம் பார்க்க வேண்டியிருக்கிறது, நேரில் வாருங்கள்” என்று மட்டும் சொல்ல வேண்டும். வராதவரைத் தேடிப் போவதற்கும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். உறுதிச் சோதனை முடிந்த பிறகு, அது தடுப்பூசியின் தடமா, ஆறிய நோயின் தடமா, இப்போது சிகிச்சை வேண்டிய நோயா என்பதை நம் பேச்சுத் தமிழில் விளக்க வேண்டும். தொற்று இல்லை என்று முடிவானால் அதையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒரு நல்ல கொடையாளர் என்றென்றைக்கும் முகாம் பக்கம் வரமாட்டார். ஒதுக்கப்பட்ட கொடையாளரின் பதிவு ஒரே வங்கியின் பேரேட்டில் அடைந்துகிடக்காமல், ரகசியம் கெடாத வகையில், மற்ற ரத்த வங்கிகளும் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். சாத்தூர் இளைஞரின் முதல் முடிவுக்கும் இரண்டாம் தானத்துக்கும் நடுவே இல்லாமற்போன இணைப்பு இதுதான்.

காசு வாங்காமல் தம் உடலிலிருந்து ஒரு பங்கை எடுத்துக் கொடுப்பவர், பதிலுக்குப் பெறும் உரிமையுள்ள ஒரே பொருள் அந்த ரத்தத்தைப் பற்றிய உண்மை. அதை அவரிடம் சேர்க்கும்போது அவருடைய உயிர் காக்கப்படுகிறது, அவர் குடும்பம் காக்கப்படுகிறது, அடுத்த பையைப் பெறப்போகும் முகம் தெரியாத நோயாளியும் காக்கப்படுகிறார். ரத்த வங்கியின் தரத்தை எத்தனை பை சேர்ந்தது என்ற எண்ணோடு, சோதனை முடிவு தெரியவேண்டியவர்களில் எத்தனை பேரை அது நேரில் சென்றடைந்தது என்ற எண்ணையும் வைத்து அளக்கத் தொடங்க வேண்டும். இந்த இரண்டாவது எண்ணை ஆண்டுதோறும் வெளியிடும் மாவட்டமாகக் கள்ளக்குறிச்சி முதலில் முன்வரட்டும்.